சவரிராயன் கல்லறையைத் திறக்கிறார்கள்

2024 அக்டோபர் 6, ஞாயிறு

பீடத் துணியில் மறுபடியும் மெழுகுக் கறை. மெழுகுவர்த்தியை ஊதி அணைக்கக் கூடாது, குவளையால் மூடித்தான் அணைக்க வேண்டும் என்று நான் சொல்லாத ஆண்டு இல்லை. துணியை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். பழுப்புக் காகிதம் வைத்துத் தேய்த்தால் போய்விடும்.

பூசை முடிந்ததும் ஃபாதர் சவியோ ஓர் அறிவிப்பு வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் இனிப் புதைக்க இடமில்லை. ஐம்பது ஆண்டைத் தாண்டிய கல்லறைகளைத் திறந்து, எஞ்சியிருப்பதை எடுத்து, புதிதாகக் கட்டிய சுவர் மாடங்களில் வைக்கப் போகிறார்கள். குடும்பத்தார் முன்னிலையில்தான் திறப்பார்களாம். கல்லறைத் திருநாள் முடிந்ததும் வேலை தொடங்கும்.

எங்கள் குடும்பத்தில் ஐம்பதைத் தாண்டியது ஒன்றுதான். என் கொழுந்தன் சவரிராயன். 1971 டிசம்பர், மேற்கு எல்லையில் நடந்த போர். இருபத்தைந்து வயது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதலேன் என் முழங்கையைப் பிடித்தாள். சவரிராயனின் மனைவி. ஆகஸ்டில் கல்யாணம், டிசம்பரில் விதவை. அன்றிலிருந்து இந்த வீட்டில்தான் இருக்கிறாள். என்னை விட ஏழு வயது சிறியவள்.

"அக்கா, அவரைப் பாக்கலாம்" என்றாள்.

கோவிலுக்குள் பேசும் சத்தமில்லை அது. முன் வரிசையே திரும்பிப் பார்த்தது.

அக்டோபர் 7, திங்கள்

திங்கட்கிழமை என்பதால் மதலேன் மெழுகுவர்த்தியும் சாமந்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்விட்டு வந்தாள். ஒரு திங்கள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரங்களில் நான் போயிருக்கிறேன். நான் போனால் சீக்கிரம் திரும்பிவிடுவேன்.

இன்று வரும்போதே பேச்சு. பெட்டி வந்த அன்று யாரும் தன்னைத் திறந்து பார்க்க விடவில்லையாம். என் கணவர் தோமினிக்தான் தந்தி வந்ததும் வடக்கே ரயிலேறிப் போய்ப் பெட்டியோடு திரும்பினார். ஆணியடித்து மூடிய பெட்டி. திறக்கக் கூடாது என்பது ராணுவ உத்தரவு என்றார். அத்தை, சவரிராயனைப் பெற்றவர், மூடியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடந்தார். அத்தையை எழுப்பவே நாலு பேர் வேண்டியிருந்தது; இருபது வயதுப் பெண்ணை யார் கவனித்தார்கள்.

"முகம் இருக்காதுன்னு தெரியும்க்கா. எலும்புன்னாலும் அவரோடதுதானே."

முருங்கைக் கீரை ஆய்ந்து கொடுத்தேன்.

அக்டோபர் 12, சனி

சென்னையிலிருந்து மகன் ஃபெலிக்ஸ் பேசினான். மதலேன் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறானாம்.

"சித்தப்பா முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கும்மா. பெட்டிக்குள்ள யூனிஃபார்மோட தூங்குற மாதிரி. நெத்தியில மட்டும் ஒரு கட்டு."

அப்போது அவனுக்கு மூன்று வயது. மூக்குச் சிந்தத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு டிசம்பரும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறான். பிள்ளைகள் பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறார்கள். சாகும்வரை அத்தையும் மகனின் கையை முத்தமிட்டதாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய நாத்தனார் கொடி போர்த்தியிருந்தது என்பார். கொடி எதுவும் இல்லை. எங்கள் குடும்பத்தில் மூடிய பெட்டிக்குள் எல்லாரும் ஏதாவது பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்வது மதலேன் மட்டும்.

"எதுக்குப் பிள்ளைங்க படிப்பைக் கெடுத்துக்கிட்டு? அது விசேஷம் இல்ல" என்றேன்.

"பிள்ளைங்க பாக்கணும்மா. நம்ம வீட்டு வீரன்."

அக்டோபர் 15, செவ்வாய்

ஃபாதர் சவியோவைப் பார்க்கப் போனேன். போரில் இறந்தவர்களின் கல்லறைகளைத் தொடாமல் விடுவது நாகரிக நாடுகளின் வழக்கம் என்று எடுத்துச் சொன்னேன். நாட்டுக்காகப் போனவனை ஒரு சாதாரணக் கல்லறையைப் போல மண்வெட்டி கொண்டு கிளறுவது முறையா என்று கேட்டேன். கான்வென்ட் பள்ளியில் எங்கள் மதர் சுப்பீரியர் நன்றாகப் பேசும் பெண் என்று என்னைத்தான் மேடையேற்றுவார். அந்தப் பழக்கம் போகவில்லை. ஃபாதருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. கண் கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு இது தோணலையேம்மா. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. யோசிக்கிறேன்."

நிம்மதியாக வந்தேன். கறை போய்விட்டது. துணியைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஃபாதர் யோசித்துவிட்டார். சவரிராயன் கல்லறையைத் தனியாக ஒரு நாளில், மரியாதையோடு திறக்கப் போகிறார்கள். முன்னாள் படைவீரர்கள் சங்கத்துக்குக் கடிதம் போயிருக்கிறது. கொடி, மலர்வளையம், பியூகிள் ஊதி மரியாதை. "எமரென்சியா அம்மா கேட்டுக்கொண்டபடி" என்று பூசையில் என் பெயரைச் சொல்லி அறிவித்தார்.

வெளியே வந்தபோது எல்லாரும் கைகொடுத்தார்கள். மதலேன் வழியெல்லாம் என் கையை விடவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

தலைவலி. எழுதவில்லை.

நவம்பர் 2, சனி. கல்லறைத் திருநாள்

தோமினிக் கல்லறையில் பூ வைத்தேன். இருபது ஆண்டாகிறது. அவரிடம் சில வார்த்தை கேட்க வேண்டியிருந்தது, கூட்டம் அதிகம்.

குழி வெட்டும் சூசை சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். ஐம்பது ஆண்டில் என்னதான் மிஞ்சும் என்று பொதுவாகக் கேட்டேன். பெட்டி மக்கிவிடும், துணி போய்விடும், சில கல்லறையில் எலும்பு தொட்டால் மாவாக உதிரும் என்றான்.

"அப்ப ஒண்ணும் இல்லாமலும் போகலாமா?"

"பல்லு இருக்கும்மா. எந்தக் குழியிலயும் பல்லு போகாது. சல்லடை போட்டுச் சலிச்சு எடுத்துக் கொடுத்துருவேன், கவலைப்படாதீங்க."

நவம்பர் 5, செவ்வாய்

மதலேன் வெள்ளைப் பாப்ளின் வாங்கி வந்து பை தைக்கிறாள். எலும்பை ஃபாதர் மரப்பெட்டியில் வைப்பார், பை தேவையில்லை என்றேன்.

"பெட்டியில சும்மா போட்டா ஆட்டும்போது சத்தம் வரும்க்கா. அவருக்கு என்னமோ மாதிரி இருக்கும்."

கண் சரியாகத் தெரியாமல் தையல் கோணலாகப் போயிருந்தது. பிரித்து நானே தைத்துக் கொடுத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள். முன்பல் இரண்டுக்கும் நடுவில் அவருக்குச் சந்து இருக்குமாம். சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வாராம். பல்லை வைத்தே தனக்கு அடையாளம் தெரியுமாம்.

இவளுக்கு இருபத்துநாலு வயதானபோது இவள் அப்பா திண்டுக்கல்லிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டு வந்தார். மனைவியை இழந்த பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர், கைக்குழந்தை ஒன்று. கூடத்தில் வைத்துப் பேசினார்கள். "அவரை இங்க தனியாப் படுக்க வச்சுட்டு நான் எங்க போறது" என்று இவள் சொன்னாள். பெண் சொல்வதுதான் சரி என்றார் அத்தை. நான் காபி கொடுத்தேன். குடித்து முடித்ததும் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இது எதற்கு இன்று நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை. பை நன்றாக அமைந்துவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

இன்று திறப்பதாக இருந்தது. காலை முதல் கொட்டுகிறது. கல்லறைத் தோட்டத்தில் முழங்கால் தண்ணீர், அடுத்த திங்களுக்கு மாற்றியிருக்கிறோம் என்று ஃபாதர் போன் செய்தார்.

வருத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். அப்புறம் பஜ்ஜி போட்டேன். மதலேன் ஒன்றுகூடத் தொடவில்லை.

நவம்பர் 14, வியாழன்

மழை விட்டுவிட்டது.

பழைய ஞானோபதேசப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். எங்களுக்கு அதில் சொல்லிக்கொடுத்தது: கிறிஸ்தவனின் உடலை எரிக்கலாகாது. ஆனால் 1963லேயே திருச்சபை அதை அனுமதித்துவிட்டது. எங்கள் தெருவுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை. எரித்த உடல் கடைசி நாளில் எப்படி எழுந்திருக்கும் என்று அத்தை கேட்பார். பக்கத்துத் தெருவில் ஒருவர் தீ விபத்தில் இறந்தபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படிப்பட்டவரிடம் எதையும் சொல்லிவிட முடியாது. தோமினிக் செய்ததில் குற்றம் காண்பவர்கள் அத்தையோடு ஒரு நாள் இருந்து பார்த்திருக்க வேண்டும்.

பொய் வேறு, சொல்லாமலிருப்பது வேறு. பள்ளியில் சிஸ்டர் பெர்னதெத் இதற்கு ஒரு வகுப்பு முழுக்க எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 16, சனி

ஃபெலிக்ஸ் குடும்பத்தோடு வந்துவிட்டான். வீடெல்லாம் செருப்பு.

மதலேனைத் தனியாகக் கூப்பிட்டேன். ஈரத்தில் அவ்வளவு நேரம் நிற்க வேண்டாம், உன் முழங்கால் தாங்காது, நானும் ஃபெலிக்ஸும் பார்த்துக்கொள்கிறோம், பையில் வைத்துக் கட்டி உன் கையில் கொண்டுவந்து கொடுக்கிறேன் என்றேன்.

"முழங்கால் என்னோடதுக்கா" என்றாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "எலும்பைப் பாத்துப் பயந்துருவேன்னு நெனைக்கிறீங்களா?"

"பயம்னு இல்ல."

"வேற என்ன?"

வாய் வரை வந்தது. ஃபெலிக்ஸின் மகள் தலைவாரிவிடச் சொல்லிச் சீப்போடு வந்து நின்றாள்.

நவம்பர் 18, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்குப் போனோம். முன்னாள் வீரர்கள் பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். எல்லாரும் கிழவர்கள். தலைவர் சுபேதார் நாச்சிமுத்து என்பவர், ஓய்வுபெற்று முப்பது ஆண்டாகிறதாம். தொப்பியை மட்டும் சரியாக வைத்திருந்தார். ஃபாதர் செபம் சொன்னார். ஃபெலிக்ஸ் கைபேசியை உயரத் தூக்கிப் பிடித்திருந்தான். மதலேன் குழியின் ஓரத்தில், பையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். நான் பின்னால் நின்றேன்.

கல்லைப் பெயர்த்தார்கள். மண் சேறாக இருந்தது. மக்கிய பலகைத் துண்டுகள் வந்தன. பிறகு சூசையின் மண்வெட்டி தகரத்தில் பட்டது. துருப்பிடித்த ட்ரங்குப் பெட்டியின் ஒரு மூலை. இரண்டு பூட்ஸ், பக்கத்தில் பக்கமாக, உள்ளே கால் இல்லாமல். பிறகு வெறும் ஆற்று மணல், நிறைய. பெட்டிக்குக் கனம் வேண்டும் அல்லவா.

"என்னம்மா இது, ஆளையே காணோம்" என்றான் சூசை.

ஃபெலிக்ஸ் கைபேசியைக் கீழே இறக்கினான். "அம்மா. சித்தப்பா எங்க?"

சூசை ட்ரங்குப் பெட்டியின் மூடியைக் கையால் உடைத்தான். உள்ளே பச்சை பிடித்த ஒரு செம்பு. மூடியைச் சுற்றி ஈயத்தால் பற்றவைத்திருந்தது. அதை மேலே நீட்டினான். சுபேதார்தான் முன்னால் வந்து இரண்டு கையாலும் வாங்கினார். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. கைக்குட்டையால் சேற்றைத் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"அந்தச் சண்டையில அப்படித்தாம்மா. பாடியை அனுப்ப வழியில்ல. எல்லையிலயே, கூட விழுந்தவங்களோட ஒண்ணாச் சேர்த்து ஒரே சிதையில வச்சுருவோம். எந்த மதம்னு யாரு பாத்தா. சாம்பலைத்தான் பிரிச்சுக் குடுப்போம்."

துடைத்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "பேரு வெட்டியிருக்கு." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்க வாசித்தார். "எமரென்சியா."

எனக்குச் சீராக வந்த பாத்திரம் ஒவ்வொன்றிலும் அப்பா என் பெயரை வெட்டச் சொல்லியிருந்தார். கரண்டியில்கூட உண்டு. நாங்கள் அதை யோசிக்கவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மதலேன் மட்டும் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தைக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"அத்தானுக்குத் தெரிஞ்சிருக்கும்."

எனக்குத் தெரியுமா என்று அவள் கேட்கவில்லை. அதற்கான விடை சுபேதார் கையில் இருந்தது.

பையை விரித்து நீட்டினாள். எலும்புக்காகத் தைத்த பை, செம்புக்குச் சின்னதாகிவிட்டது. பாதிதான் உள்ளே போனது. அப்படியே மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கல்லறையின் மேல் உட்கார்ந்தாள். சுபேதார் ஏதோ சொல்ல, கிழவர்கள் விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார்கள். பியூகிள் ஊதுபவருக்கு இரண்டு இடத்தில் மூச்சு விட்டுப்போனது.

செம்பை மாடத்தில் வைத்தார்கள். ஃபாதர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 19, செவ்வாய்

ஃபெலிக்ஸ் காலையில் கிளம்பினான். "நான் முகத்தைப் பாத்தேம்மா" என்று வாசலில் நின்று சொன்னான். பொய் சொல்பவன் முகமாக இல்லை. "பாத்திருப்பேடா" என்றேன்.

மதலேன் சமைத்தாள். பரிமாறினாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

நவம்பர் 20, புதன்

திண்டுக்கல்லுக்குப் போகிறாளாம், அண்ணன் மகள் வீட்டுக்கு.

"எப்ப வருவ?"

"தெரியலக்கா."

பெட்டியைக் கட்டும்போது தலையணை உறையையும் எடுத்து வைத்தாள். சில நாளைக்குப் போகிறவள் தலையணை உறை எடுத்துப் போவதில்லை.

நவம்பர் 22, வெள்ளி

பால் பொங்கி வழிந்துவிட்டது. பாத்திரம் தேய்க்க முக்கால் மணி நேரம்.

நவம்பர் 25, திங்கள்

மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு நான் போனேன். மாடத்துக்கு இன்னும் பெயர்ப்பலகை பதிக்கவில்லை. வெறும் சுவர் முன்னால் என்ன செபம் சொல்வது என்று தெரியாமல், இன்று சீக்கிரம் திரும்பவும் முடியாமல் நின்றேன்.

பீடத் துணிகளை இனி ஒரு இளையவளிடம் ஒப்படைக்கலாமா என்று ஃபாதர் கேட்டார். எனக்குச் சிரமம் தர வேண்டாம் என்றுதானாம்.

நவம்பர் 28, வியாழன்

இரண்டு முறை போன் செய்தேன். அண்ணன் மகள்தான் எடுத்தாள். "அத்தை தூங்குறாங்க பெரியம்மா." காலை பதினோரு மணிக்கு.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள மதலேன்" என்பதோடு நின்றுவிட்டது.

டிசம்பர் 1, ஞாயிறு

ரசத்தில் உப்புப் போட்டேனா என்று நினைவில்லாமல் இரண்டாம் முறையும் போட்டுவிட்டேன். கேட்க ஆள் இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

நாளை சவரிராயனின் நினைவு நாள். பூசைக்கு நான் மட்டும்தான் என்று நினைத்துப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் வாசலில் ஆட்டோ. மதலேன்.

சாப்பிட்டாயா என்றேன். பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டதாகச் சொன்னாள். அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு உரிக்கத் தொடங்கினாள். கை வேலையாக இருக்கும்போதுதான் அவளுக்குப் பேச வரும்.

"வாத்தியாரை வேண்டாம்னு சொன்ன அன்னைக்கு நீங்க காபி போட்டீங்க."

"ஆமா."

"நல்லாத்தான் போட்டிருந்தீங்க."

நான் குறுக்கே பேசியிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள்.

"அந்த வாத்தியார் மகனைப் பாத்தேன் திண்டுக்கல்ல. பேரன் பேத்தி எடுத்துட்டான். வழுக்கை." கொஞ்ச நேரம் உரித்தாள். "அத்தான் எதுல கொண்டு வந்தாரு?"

"மண் கலயம். ரயில்ல விரிசல் விட்டிருந்துச்சு. மேல்துண்டைச் சுத்திக் கொண்டு வந்தார். முதல்ல ராத்திரி பின்வாசலால வந்தார்; பெட்டியை அப்புறம்தான் செஞ்சு எடுத்துட்டு வந்தார்."

"அதான் செம்பா?"

"சிந்தக் கூடாதுன்னு."

"யாரு மாத்துனது?"

"நான்தான். அவருக்குக் கை நடுங்குச்சு."

"கரண்டியாலயா?"

"இல்ல. கையாலதான்."

மதலேன் உரிப்பதை நிறுத்தினாள். வெங்காய ஈரத்தோடு என் வலது கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மருந்துக் கணக்கு எழுதியபோது ஒட்டிய மை மட்டும்தான் அதில் இருந்தது.

"அப்ப நீங்க தொட்டிருக்கீங்க" என்றாள்.

வெகு நேரம் விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை. அழுதாளா, வெங்காயமா என்று சொல்ல முடியாது. எனக்கும் அப்படித்தான்.

பிறகு கையை விட்டுவிட்டு, சந்தைக்குச் சாமான் சொல்வது போலச் சொன்னாள். "என் காலம் வந்தா என்னையும் எரிச்சிரணும். ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன், தப்பு இல்லையாம். அந்தச் செம்பைத் திறந்து அதுலயே போட்டுப் பத்தவச்சிரணும்."

"அது ரொம்பச் சின்னது, மதலேன்."

"கொஞ்சம் போட்டாப் போதும். உங்க பேரு இருக்கு, பரவாயில்ல."

"யார் செய்வா இதெல்லாம்? ஃபெலிக்ஸ்கிட்ட சொல்லி வைக்கிறேன்."

"ஃபெலிக்ஸ் வேண்டாம். அவன் ஃபோட்டோ எடுப்பான். நீங்கதான் செய்யணும். கையால."

"எனக்கு எண்பது. உனக்கு எழுபத்து மூணு. கணக்குப் போட்டுப் பாத்தியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு அப்புறம்தான் நீங்க போகணும்" என்றாள். "அம்பத்து மூணு வருசம் வாயைத் தொறக்காம இருந்தீங்கல்ல. இதையும் இருங்க."

தலையணை உறையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறி, அவள் கட்டிலில் மாட்டினாள்.

டிசம்பர் 6, வெள்ளி

பூசைக்கு இருவரும் போனோம். பெயர்ப்பலகை பதித்திருந்தார்கள்.

டிசம்பர் 7, சனி

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தேன். மூச்சு வாங்கியது. தினமும் நடந்தால் ஆயுசு கூடும் என்கிறார்கள். எங்கே போனேன் என்று மதலேன் கேட்கவில்லை. நாளை பூசைக்கு முன்னால் கோவில் வளாகத்தைச் சுற்றி நடக்கலாம் என்றிருக்கிறேன்.